மேகத்துக்குப் பதவி தெரியாது

பெங்களூர் வைட்ஃபீல்டில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கும் அன்பரே! ஆன்லைனில் டெலஸ்கோப் வாங்கியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். அட்டைப்பெட்டியின் மேல் சனி கிரகம் வளையத்தோடு கலர் கலராகச் சிரிக்கிறது. பால்கனியில் ஸ்டாண்டை நிறுத்தி, முதுகு வலிக்கக் குனிந்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிவது எதிர் டவரின் பத்தாவது மாடி. அந்த வீட்டுக்காரரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். டெலஸ்கோப் இல்லாமலேயே, முறைத்துக்கொண்டு.

இந்த ஊர் வானம் எப்போதும் இப்படி மறைந்து கிடந்ததில்லை. 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியர்கள் பயிர்செய்து பிழைத்துக்கொள்ளட்டும் என்று இங்கே 3,900 ஏக்கர் கொடுத்தார். முன்னின்று நடத்தியவர் வைட் என்பவர். ஊருக்கும் அவர் பெயரே வந்தது. அன்றைக்குக் கரண்ட் கிடையாது, பால்வீதி தலைக்கு மேல் ஃப்ரீ. பெங்களூர் ராணுவ முகாமில் இளவட்டமாகத் திரிந்த வின்ஸ்டன் சர்ச்சில்கூட வைட்ஃபீல்டுக்கு வந்து போவாராம் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. நட்சத்திரம் பார்க்க அல்ல, சத்திரக்காரர் மகளைப் பார்க்க!

போகட்டும். டெலஸ்கோப் வாங்கி ஏமாந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்துச் சோர்ந்துபோக வேண்டாம். இந்த நாட்டில் டெலஸ்கோப்பால் வானம் பார்க்க ஆரம்பித்து 370 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சரித்திரத்தைப் புரட்டினால் மனசுக்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைக்கும். உங்களைவிட எவ்வளவோ பெரிய மனிதர்கள், உங்களைவிட எவ்வளவோ மோசமாக ஏமாந்திருக்கிறார்கள்.

முதல் ஆள் ஜெரமி ஷாகர்லி. இங்கிலாந்துக்காரர், கணக்கில் புலி. 1651-ல் புதன் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடந்துபோகும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரி. ஒரே ஒரு சிக்கல்தான்: அது நடக்கும் நேரத்தில் இங்கிலாந்தில் நள்ளிரவு. நாமாக இருந்தால் 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று போர்வையை இழுத்துக்கொள்வோம். மனுஷர் அந்தச் சமயத்தில் குஜராத்தில், சூரத் நகரத்தில் இருந்தார். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது!

இந்தியாவில் டெலஸ்கோப்பை வானத்துக்குத் திருப்பியதாகப் பதிவில் இருக்கும் முதல் ஆள் ஷாகர்லிதான். புதன் கடப்பை மனிதர்கள் பார்த்ததே உலகத்தில் அது இரண்டாவது தடவை. எப்பேர்ப்பட்ட சான்ஸ்! ஆனால் புதன் சூரியத் தட்டுக்குள் நுழைந்த நேரத்தையும் அவர் குறிக்கவில்லை, வெளியேறிய நேரத்தையும் குறிக்கவில்லை. விஞ்ஞானத்துக்கு வேண்டியது அந்த இரண்டு நேரங்கள் மட்டுமே. ஆக, ஷாகர்லி உலகத்துக்கு அறிவித்த செய்தியின் சாரம்: 'பார்த்தேன்.' இன்றைக்கு இதற்குப் பெயர் இன்ஸ்டாகிராம் ஸ்டோரி.

அடுத்து 1689, பாண்டிச்சேரி. ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார். சயாம் ராஜாவின் தேசத்துக்கு 'அரசாங்கக் கணித மேதைகள்' என்ற பட்டத்தோடு பிரான்ஸிலிருந்து போன கோஷ்டியில் இவரும் ஒருவர். அவர்கள் போன அடுத்த வருஷமே அங்கே புரட்சி வெடித்து, பிரெஞ்சுக்காரர்களுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. மேதை பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு தப்பித்து வந்து சேர்ந்த இடம்தான் பாண்டிச்சேரி.

டிசம்பர் மாதம் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம். அதைப் பார்க்க ரிஷோ 12 அடி நீள டெலஸ்கோப்பைத் திருப்பினார். பக்கத்திலேயே பளிச்சென்று ஆல்ஃபா சென்டாரி. பார்த்தவர் திகைத்துப்போனார். அது ஒரு நட்சத்திரம் அல்ல, இரண்டு! சூரியனை விட்டால் நமக்கு மிகவும் பக்கத்து வீட்டு நட்சத்திரக் குடும்பம் அதுதான். அது இரட்டை என்று உலகத்துக்கு முதலில் சொன்ன ஊர் பாண்டிச்சேரி. வால்நட்சத்திரத்தைத் தேடிப் போனவருக்கு, வழியில் நின்ற நட்சத்திரத்தால் புகழ். மே மாதம் ராத்திரி 11 மணிக்கு உங்கள் மொட்டைமாடியிலிருந்தும் தெற்கே தாழ்வாக அது தெரியும். சின்ன டெலஸ்கோப்பிலேயே இரண்டாகப் பிரியும். தெற்குப் பக்கம் யாரும் இன்னும் டவர் கட்டாமல் இருந்தால்!

இனி நம் கதாநாயகர். முழுப் பெயர் கியோம் ஜோசஃப் யாசிந்த் ழான் பாப்டிஸ்ட் லெ ஜென்டில் தெ லா கலேசியேர். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நாம் லெ ஜென்டில் என்றே கூப்பிடுவோம். பாரீஸ் அறிவியல் அகாடமியின் உறுப்பினர். அந்தப் பெயரின் நீளத்துக்கு ஏற்ற நீளத்தில் அவருக்குத் துரதிர்ஷ்டமும் எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். வெள்ளி கிரகம் அபூர்வமாகச் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பொட்டாக நகர்ந்து போகும். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் கிடையாது. பூமியின் பல இடங்களிலிருந்து அந்தப் பொட்டு நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி சொல்லிவிட்டுச் செத்துப்போயிருந்தார். 1761 ஜூன் 6-க்காக ஐரோப்பாவே பெட்டி கட்டியது. லெ ஜென்டிலுக்கு ஒதுக்கப்பட்ட சென்டர் பாண்டிச்சேரி. நுழைவுத்தேர்வு ஹால் டிக்கெட்டில் வேறு மாநிலத்து ஊர் வருமே, அதைப் போல!

1760 மார்ச்சில் பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். ஜூலையில் மொரீஷியஸ். அங்கே போனால், இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் சண்டை. மாதக்கணக்கில் காத்திருந்து, 1761 மார்ச்சில் ஒருவழியாக ஒரு போர்க்கப்பலில் தொற்றிக்கொண்டார். மே 24 அன்று மலபார்க் கரையோரம் ஒரு சேதி வந்தது. பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதாம். எப்போது? ஜனவரியிலேயே! அவர் மொரீஷியஸில் கப்பலேறியபோதே அந்தப் பாண்டிச்சேரி கிடையாது. நான்கு மாதம் லேட்டாக வந்த வாட்ஸ்அப் மெசேஜ்.

கப்பல் திரும்பியது. ஜூன் 6 வந்தது. நடுக்கடல். வானம் கண்ணாடிபோல் தெளிவு. லெ ஜென்டில் கப்பல் தளத்தில் நின்று வெள்ளியைப் பார்த்தார், முழுசாகப் பார்த்தார். ஆனால் கப்பல் ஆடுகிறது, ஊசல் கடிகாரம் ஓடாது, தாம் எந்த தீர்க்கரேகையில் நிற்கிறோம் என்பதும் சரியாகத் தெரியாது. அளவு எதுவும் தேறவில்லை. கல்யாணத்துக்கு வந்து, மணமக்களைப் பார்த்து, சாப்பிடாமல் திரும்பியவர் கதை.

இப்போது நியாயமாக என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போவார்கள். லெ ஜென்டில் யோசித்தார். அடுத்த கடப்பு 1769-ல். எட்டே எட்டு வருஷம்தானே, இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்! இந்து மகா சமுத்திரத்தில் மடகாஸ்கர், அக்கம்பக்கத்துத் தீவுகள் என்று சுற்றினார். வரைபடம் போட்டார், காற்றையும் அலையையும் ஆராய்ந்தார். இத்தனைக்கும் நடுவில் ஊருக்குக் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அவை உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதன் விளைவு கிளைமாக்ஸில்.

1769-க்கு மணிலா தோதான இடம் என்று கணக்கிட்டு 1766-ல் அங்கே போனார். அங்கே ஒரு ஸ்பானிய கவர்னர். 'நான் பிரபல விஞ்ஞானி' என்றார் லெ ஜென்டில். அத்தாட்சிக் கடிதம் கேட்டார் கவர்னர். ஐரோப்பாவுக்கு எழுதி வரவழைத்துக் கொடுத்தார். கவர்னர் கடிதத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். "அங்கிருந்து பதில் இத்தனை சீக்கிரம் வருமா? இது போலி!" தபால் லேட்டாக வந்ததற்காகக் கோபப்பட்டவர்களை நமக்குத் தெரியும். சீக்கிரம் வந்ததற்காகச் சந்தேகப்பட்ட அதிகாரி சரித்திரத்தில் இவராகத்தான் இருப்பார்.

அதற்குள் பாண்டிச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்துவிட்டது. அகாடமியும் 'அங்கேயே போ' என்றது. 1768 மார்ச்சில் வந்து இறங்கினார். இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தார் கவர்னர். சென்னையிலிருந்து ஓர் அருமையான டெலஸ்கோப்பும் இரவலாக வந்தது. அனுப்பியவர்கள் ஆங்கிலேயர்கள்! ஏழு வருஷம் முன்பு அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய அதே ஆங்கிலேயர்கள்.

இந்தத் தடவை எல்லாம் ரெடி. ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம். கடிகாரம் ஊன்றி நிற்கிறது, ஊரின் தீர்க்கரேகை சுத்தமாகக் கணக்கிட்டாயிற்று. 1769 ஜூன் 4 காலை சூரியன் உதிக்கும்போதே பொட்டு உள்ளே இருக்கும். வெளியேறும் நேரத்தைக் குறித்தால் போதும். மே மாதம் முழுக்கக் காலை வானம் பளிங்கு. ஜூன் 3-ம் பளிங்கு. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தார். எங்கும் மேகம்.

அப்புறம் காற்று, மேலும் மேகம். சூரியன் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. ஏழு மணி வாக்கில் மேகத்துக்குப் பின்னாலேயே வெள்ளி தன் பாட்டுக்கு வெளியேறிப் போய்விட்டது. கடப்பு முடிந்த பிறகு மேகம் விலகியது. அன்று பொழுது முழுக்க வெயிலான வெயில்! இதையாவது சகித்துக்கொள்ளலாம். அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது என்ற தகவல் பின்னால் வந்ததே, அதை எப்படிச் சகிப்பது?

இரண்டு வாரத்துக்கு மேல் மனுஷரால் பேனாவை எடுக்க முடியவில்லை. பிறகு வயிற்றுக்கடுப்பு. பிறகு புயலில் சிக்கிய கப்பல். பிறகு வேறொரு ஸ்பானியக் கப்பல். கடைசியில் பிரனீஸ் மலையைத் தாண்டி 1771 அக்டோபரில் பிரான்ஸில் கால் வைத்தார். கிளம்பி 11 வருஷம், 6 மாதம், 13 நாள். ஊருக்குப் போனால் ஜனங்கள் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். செத்துப்போனவர் தெருவில் நடந்து வந்தால் பார்க்காமல் இருப்பார்களா?

ஆமாம், அவரைச் சாகடித்துவிட்டிருந்தார்கள். வாரிசுகள் சொத்தைப் பங்கு போடுவதில் மும்முரமாக இருந்தார்கள். அகாடமியில் அவரை ஓய்வுப் பட்டியலில் தள்ளியிருந்தார்கள். உயிரோடு இருப்பதை நிரூபிப்பது ஒரு வேலை, காணாமல்போன பணத்துக்காக வழக்கு இன்னொரு வேலை. வழக்கில் தோற்று, எதிராளியின் கோர்ட் செலவையும் இவரே கட்டினார். ஆனால் அயராத மனிதர்! கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள், இரண்டு வால்யூமில் பயணக் கதை எழுதினார், 1792 வரை சௌக்கியமாக வாழ்ந்தார். வானியலில் தோற்றவருக்குக் குடும்பத்தில் பாஸ் மார்க்.

இந்தச் சோகத்தில் எல்லோரும் கவனிக்காமல் விடும் ஆள் ஒருவர் உண்டு. பாண்டிச்சேரியில் லெ ஜென்டிலுக்கு நம் ஊர்க் கணக்கைக் கற்றுக்கொடுத்த தமிழர். பேனா கிடையாது, பேப்பர் கிடையாது, டெலஸ்கோப் கிடையாது. தரையில் உட்கார்ந்து சோழிகளை நகர்த்தியே கிரகணம் கணிப்பார். வாய்ப்பாடெல்லாம் மனப்பாடம். லெ ஜென்டில் விடுவாரா? தாம் ஏற்கெனவே பார்த்து நேரம் குறித்து வைத்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கொடுத்து டெஸ்ட் வைத்தார்.

ரிசல்ட்: கிரகணம் நீடிக்கும் நேரத்தில் சோழிக் கணக்கு 41 விநாடி பிசகியது. ஐரோப்பாவின் தலைசிறந்த டோபியாஸ் மேயர் அட்டவணையோ 68 விநாடி பிசகியது! மேயரின் அட்டவணைக்காக அவருடைய விதவை மனைவிக்கு பிரிட்டன் 3,000 பவுன் பரிசு கொடுத்திருந்தது. நம் சோழிக்காரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவர் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. பெயர் நீளமாக இருந்தவர்களுக்கு இடம் கொடுத்ததிலேயே பக்கம் தீர்ந்துபோயிருக்கும்.

இதே மண்ணில் 23 வருஷம் கழித்து நடந்ததைக் கேளுங்கள். சென்னையில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு வானம் பார்க்கும் ஆசை. எழும்பூர் வீட்டிலேயே 1786-ல் சொந்த ஆய்வுக்கூடம் வைத்தார். அசல் ஹாபிக்காரர். ஊருக்குத் திரும்பும்போது கருவிகளைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்து 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அரசாங்கமே வானாய்வுக்கூடம் கட்டியது. கருவியை ஏற்றி வைக்க 10 டன் எடையில் ஒரு கருங்கல் தூண். அந்தத் தூணின் மேல் நின்ற கருவி என்னவோ சின்னதுதான். தூணில் வெட்டிய வாசகம்தான் கனம்!

ஆசியாவில் கணித சாஸ்திரத்தை முதன்முதலில் நட்டு வைத்தது பிரிட்டிஷ் தாராள மனசு என்பதை, ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தக் கல்லில் வெட்டினார்கள். லத்தீனில் மட்டுமல்ல, தமிழிலும் தெலுங்கிலும்! ஆரியபடர் பிறந்த நாட்டில், சோழிக்காரர் வாழ்ந்த கடற்கரையில், அவர்கள் பாஷையிலேயே வெட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். கல்வெட்டு எழுதுகிறவர்களுக்கு எதிரே ஒரு எடிட்டர் உட்கார்ந்திருந்தால் உலக சரித்திரம் எவ்வளவோ மரியாதையாக இருந்திருக்கும்.

அதற்குப் பதில் சொல்ல ஆயிரம் வருஷமெல்லாம் தேவைப்படவில்லை, 75 வருஷம் போதுமானதாக இருந்தது. அதே வளாகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்றொரு உதவியாளர். பஞ்சாங்கம் கணித்த குடும்பத்துப் பிள்ளை. 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை ஃபெல்லோ ஆக்கியது. 1874 வெள்ளி கடப்புக்கு முன்னால், அது என்ன என்று நம் ஜனங்களுக்கு விளக்கிப் புத்தகமும் போட்டார். அந்தத் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் நிற்கிறது. மழை வருமா வராதா என்று சொல்கிற ஆபீஸுக்குள், மேகத்திடம் தோற்றவர்களின் நினைவுச்சின்னமாக.

காசால் வானத்தை வளைத்துவிடலாம் என்று நினைத்தவரும் உண்டு. ஹைதராபாத் பிரபு நவாப் ஜாஃபர் ஜங். 1901-ல் 15 அங்குல டெலஸ்கோப் வாங்கினார். சொந்த உபயோகத்துக்கு! நிஜாமின் பெயரில் ஆய்வுக்கூடம். ஆனால் எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பிக்கும் முன்பே, 1907-ல் நவாப் போய்ச் சேர்ந்துவிட்டார். இ.எம்.ஐ.யில் வாங்கிவிட்டு டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்கவும்.

அதே காலத்தில், இன்றைய வங்கதேசத்தின் ஜெஸ்ஸூரில் ராதா கோவிந்த சந்திரா என்றொரு கஜானா குமாஸ்தா. பள்ளி இறுதித் தேர்வில் மூன்று தடவை ஃபெயில். பகலில் நாணயம் எண்ணுவார், ராத்திரி நட்சத்திரம் எண்ணுவார். 1912-ல் கைக்காசைப் போட்டு 3 அங்குல டெலஸ்கோப் வாங்கினார். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் புதிதாக ஒன்று மின்னுவதைத் தாமாகவே கண்டுபிடித்தார். அது நோவா! அவர் செய்தது சலிக்காத ஒரே வேலை: ஒளி மாறும் நட்சத்திரங்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்து, நேரமும் பிரகாசமும் குறித்து, அமெரிக்க ஒளிமாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்புவது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 37,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள். அசந்துபோன அமெரிக்கர்கள் 1926-ல் 6 அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கப்பலில் அனுப்பினார்கள். மூன்று தடவை ஃபெயிலானவருக்கு அமெரிக்காவிலிருந்து பார்சல்.

அந்த டெலஸ்கோப் பிற்பாடு வைணு பாப்புவிடம் போனது. அவர் நவாப்பின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவருடைய மகன். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர். குமாஸ்தாவின் டெலஸ்கோப்பும் அலைந்து திரிந்து காவலூரிலேயே வந்து சேர்ந்தது. நவாப் உயிரோடு இருந்தவரை அவருடைய 15 அங்குலம் பார்த்ததைவிட அது நிறையவே வேலை பார்த்திருக்கிறது என்று சொன்னால் ஹைதராபாத்தில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது வைட்ஃபீல்ட் அன்பருக்கு வருவோம். நீங்கள் டிராஃபிக்கில் நிற்கும்போது, கொஞ்ச தூரத்தில் ஹொஸகோட்டேயில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டே, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் டெலஸ்கோப்பை சாட்டிலைட் வழியாக இயக்குகிறார்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்தே! உங்கள் ஐ.டி. கம்பெனி கொரோனாவில் கண்டுபிடித்த வொர்க் ஃப்ரம் ஹோமை வானியல்காரர்கள் எப்போதோ ஆரம்பித்துவிட்டார்கள். மாத சந்தா கட்டாமல்.

ஹான்லே உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் எத்தனை விளக்கு எரிந்தாலும் மறையாத சரக்கு சில உண்டு. நிலாவின் பள்ளங்கள், வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்கள், சனியின் வளையம். இவை மூன்றும் உங்கள் பால்கனி டெலஸ்கோப்பில் தெரியும். அட்டைப்பெட்டியில் இருக்கும் கலர் மட்டும் தெரியாது. பார்த்ததும் ஒரு நோட்டில் தேதி, மணி, என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஷாகர்லியையும் சந்திராவையும் பிரிப்பது அந்த நோட்டு ஒன்றுதான்.

2004-லும் 2012-லும் வெள்ளி கடப்பை விட்டுவிட்டீர்களா? அடுத்தது 2117 டிசம்பர் 11. இந்தியாவில் காலை நேரம், ஜூன் மேகத்தின் தொல்லை இல்லை. டெலஸ்கோப்பைச் சூரிய ஃபில்டரோடு சேர்த்துக் கொள்ளுப்பேரன் பெயருக்கு எழுதி வைத்துவிடுங்கள். உயிலில் ஒரு வரியை மட்டும் மறக்காமல் சேர்க்கவும்: நான் செத்தது நிச்சயம் என்று தெரிந்த பிறகுதான் பங்கு பிரிக்க வேண்டும்.